பிள்ளையும் பயறுச் செடியும்: வன்னியில் சிறுவரைச் செடி வளர்க்கப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

பிள்ளையின் கையில் ஒரு கன்றைக் கொடுத்து, "ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்று" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையும் ஊற்றுகிறது. மழை பெய்த அன்றும் ஊற்றுகிறது, மண் சேறாகக் கிடக்கும்போதும் ஊற்றுகிறது. சில வாரங்களில் கன்று மஞ்சளித்துச் சாய்ந்துவிட, "உனக்குப் பொறுப்பில்லை" என்ற பேச்சுத்தான் பிள்ளைக்குக் கிடைக்கிறது. உண்மையில் பிள்ளை நாம் சொன்னதை அப்படியே செய்தது. நாம் சொன்னதுதான் பிழை.

சிறுவருக்கு முதலில் பழக்கவேண்டியது பார்க்கும் பழக்கம். இலை நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது, மண்ணைத் தொட்டால் கைக்கு என்ன தெரிகிறது என்று கவனிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று யாரும் நினைவூட்டத் தேவையில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கவனத்தை வளர்ப்பதற்கானது. 3 வயது முன்பள்ளிப் பிள்ளையிலிருந்து தரம் 3 படிக்கும் பிள்ளை வரைக்கும் பொருந்தும். வட இலங்கையின் வன்னி, அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலப் பக்கத்துக் காலநிலையையும் மண்ணையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள்

வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசி பிறந்தால் சோளகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். ஆடி, ஆவணியில் கிணறுகளே அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையிடம் விதையைக் கொடுப்பது அதைத் தோற்கடிப்பதற்குச் சமம். பெரியவர்களே திண்டாடும் காலத்தில் 4 வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

தொடங்குவதற்கு நல்ல காலங்கள் இரண்டு. ஒன்று, புரட்டாதிக் கடைசியிலிருந்து ஐப்பசி முதல் மழை வரை. மற்றது, தைப்பொங்கல் முடிந்து மாசி நடுப்பகுதி வரை. என்னைக் கேட்டால், முதன்முறையாகத் தொடங்கும் குடும்பத்துக்குத் தை மாதமே நல்லது. மண்ணில் மாரி ஈரம் நிற்கும், வெயில் கடுமையாக இராது, காலையில் இலையில் பனித்துளி இருக்கும், பெருமழை விதையை அள்ளிக்கொண்டு போகாது. கார்த்திகை, மார்கழியில் நிலத்தில் விதைத்தால் பாத்தியில் வெள்ளம் நின்று முளை அழுகும் அபாயம் உண்டு. அப்போது வளர்ப்பதென்றால் தாழ்வாரத்தின் கீழ், சாடியிலோ வாளியிலோதான்.

நவராத்திரிக்குக் கும்பம் வைத்து, சுற்றிலும் மண் பரப்பி நவதானியம் விதைக்கும் வீடுகளில் பாடம் தானாகவே தொடங்கிவிடுகிறது. பூசை அறையின் மங்கலில் முளைத்த பயிர் வெளிறி, மெலிந்து, ஒரேயடியாக உயர்ந்து நிற்பதைப் பிள்ளை பார்க்கும். பூசை முடிந்ததும் அதில் ஒரு பிடியை மண்ணோடு எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பச்சை ஏறும். இலைக்கு வெளிச்சம் ஏன் வேண்டும் என்பதை எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. கும்பம் வைக்காத வீடுகளில் இரண்டு சிரட்டைகளில் பயறு விதைத்து ஒன்றைப் பெட்டியால் மூடி வைத்தாலும் இதையே காட்டலாம்.

இடம்: எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகவேண்டாம்.

2009 மே மாதம் போர் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலையோ அதன் பிறகும் பல ஆண்டுகளாக வன்னியில் தொடர்ந்தது. மழை மண்ணை அரிக்கும்போது புதைந்து கிடந்தவை மேலே வருவதும் உண்டு. ஆகவே பிள்ளைகள் மண் தோண்டும் இடம், பெரியவர்கள் ஏற்கெனவே கொத்திப் பயிர் செய்த வளவுக்குள் மட்டுமே இருக்கவேண்டும். பற்றைக்காடு, கைவிடப்பட்ட காணி, பழைய பதுங்குகுழி, மண் அணை ஆகிய இடங்களில் உரத்துக்கு மண் எடுக்கவும் பிள்ளையை அனுப்பக்கூடாது. தோண்டும்போது இரும்போ, பிளாஸ்டிக் மூடியோ, கம்பியோ தென்பட்டால் செய்யவேண்டியதைச் சின்ன வயதிலேயே ஒரு விளையாட்டாகப் பழக்கலாம்: கையை எடு, தொடாதே, வந்த வழியே திரும்பிப் போ, பெரியவரைக் கூப்பிடு. பெரியவர் 119 எண்ணில் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் அதைத் தாண்டக்கூடாது என்பது, எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்தது பாம்பு. புடையன் சருகுக்குள்ளும் கல்லுக்கடியிலும் படுத்திருக்கும். சருகுக் குவியலுக்குள் கையை விடக்கூடாது, முதலில் நீளமான தடியால் தட்டவேண்டும், இருட்டியபின் தோட்டத்துக்குப் போகக்கூடாது. இந்த மூன்றையும் செடிப் பாடத்தின் பகுதியாகவே வையுங்கள். கடித்துவிட்டால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழைத்து நேரே வைத்தியசாலைக்குத்தான்.

வளவிலேயே நஞ்சும் வளர்கிறது. மஞ்சள் அலரியின் விதை இதயத்தைத் தாக்கும். மாரியில் வேலியோரம் பூக்கும் கார்த்திகைப்பூவைப் பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கட்டும், ஆனால் கொடியைத் தோண்டக்கூடாது. அதன் கிழங்கு கடும் நஞ்சு. வற்றாளங்கிழங்கு என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பெரும் தொல்லை. குன்றிமணியும் ஊமத்தையும் ஆமணக்கு விதையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. பிள்ளையை அழைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள். பெயர் தெரியாத எதையும் வாயில் வைப்பதில்லை என்பது தோட்டத்தின் முதல் சட்டம்.

இவ்வளவும் பார்த்த பிறகு இடம் தெரிவது எளிது. காலை வெயில் விழவேண்டும், குசினி வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியவேண்டும். கிணற்றடி வாழைக்குப் பக்கம் ஈரம் நிற்கும், நல்ல இடம்தான். ஆனால் கட்டுத் தாழ்ந்த கிணறாக இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். தண்ணீரைப் பெரியவர் அள்ளி ஒரு சின்ன வாளியில் பாத்தியடிக்குக் கொண்டுவந்து வைக்கட்டும். பிறகு வேலி. கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும், கோழி கிளறினால் விதையே மிஞ்சாது. பழைய மீன்வலையோ, கிடுகோ, பனைமட்டையோ போதும். வேலி அடைக்கும்போது பிள்ளையும் கூட நின்று தடி எடுத்துக் கொடுக்கட்டும், ஏனென்றால் பராமரிப்பில் பாதி காவல்தான்.

மண்ணைக் கையால் படிப்பது

வன்னியின் உள்நிலப் பகுதிகளில் பரவலாக இருக்கும் செங்கபில மண் காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் அசையாது, நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மக்கிய எரு.

பிள்ளையோடு செய்யவேண்டிய சோதனை இது. ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள். உருண்டையே வராவிட்டால் மணல் அதிகம். உருட்டித் திரித்துக் கயிறாக்க முடிந்தால் களி அதிகம். உருண்டை நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் செடிக்கு ஏற்ற மண். 3 வயதுப் பிள்ளைக்கும் இது பிடிக்கும். ஆறேழு வயதுக்காரர், ஒரு போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்துப் பார்க்கலாம். மணல் அடியிலும், அதற்குமேல் வண்டலும், மேலே களியும் படை படையாகப் படிந்திருக்கும்.

சாடிக்கான கலவைக்கு இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு மணல் அல்லது தும்புத்தூள். ஈரச் சாணத்தை நேராகப் போட்டால் அது மக்கும் சூட்டில் இளவேர் கருகும். எரு பழையதா என்று பிள்ளையே சொல்லிவிடலாம்: மணந்து பார்த்தால் சாண வாடை இருக்காது, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும்.

கலனுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். தேங்காயின் கண் உள்ள பாதிச் சிரட்டையை எடுங்கள். மூன்று கண்களில் ஒன்று மென்மையாக இருக்கும். அதை ஆணியால் குத்தினால் தண்ணீர் வடியும் துளை தயார். நாற்றுக்கு இதைவிட நல்ல சாடி கிடையாது. பெரிய செடிக்கு அடியில் நாலைந்து துளையிட்ட பழைய பெயின்ற் வாளி. துளையில்லாச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பதையும் பிள்ளையின் வேலையாக்குங்கள். மாரிக்காலத்தில் அதில் தேங்கும் தண்ணீர்தான் டெங்கு நுளம்பின் தொட்டில்.

முதற் செடி எது?

பலர் மிளகாயிலோ தக்காளியிலோ தொடங்குகிறார்கள். வேண்டாம். மிளகாய் முளைக்கவே ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும், பிறகு குருமன் நோய் பிடித்து இலை சுருளும். காத்திருந்து காத்திருந்து பிள்ளையின் ஆசை வற்றிவிடும். 3 வயதுக்கு ஒரு வாரமே பெரிய காலம்.

முதல் விதை பயறு. இரவில் ஊறவைத்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளை முளை எட்டிப்பார்க்கும், மண்ணில் போட்ட மூன்று முதல் ஐந்து நாளில் வளைந்த தண்டு மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டு மாதமளவில் காய் முற்றும். அடுத்தது முளைக்கீரை, ஏறக்குறைய ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். பிறகு வெண்டி, பயற்றை. இவை ஒன்றரை மாதமளவில் காய்க்கத் தொடங்கும், காய் கண்முன்னே நாளுக்கு நாள் நீளும். கத்தரி வைக்க விரும்பினால் பிள்ளை ஒரு போகம் பழகிய பிறகு, நாற்றாக வாங்கி வையுங்கள். நம் வடக்கிலேயே தெரிவுசெய்யப்பட்ட தின்னவேலி ஊதா இனம் இந்த வெயிலுக்குப் பழகியது. விதை, நாற்று பற்றிய விவரங்களுக்குக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாம் போகத்துக்கு நான் அடித்துச் சொல்வது கச்சான். எங்கள் மண்ணோடு நன்றாகப் பழகிய பயிர், பிள்ளையை வியப்பில் ஆழ்த்துவதில் அதற்கு ஈடில்லை. விதைத்து ஒரு மாதம் கடந்ததும் அடியில் மஞ்சள் பூக்கள் வரும். காலையில் விரிந்த பூ மதியத்துக்குள் வாடிவிடும். "பூ செத்துப்போய்விட்டது" என்று பிள்ளை ஓடிவரும். "இன்னும் சில நாள் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். பூ இருந்த இடத்திலிருந்து ஊதா நிறம் கலந்த மெல்லிய விழுது ஒன்று கீழ்நோக்கி நீளும். அதன் கூர்முனை மண்ணைத் தொட்டு, உள்ளே இறங்கி, அங்கேதான் காய் திரளும். செடிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தால் தரையைத் தொட்ட விழுது, தொடாத விழுது, பாதி புதைந்த விழுது எல்லாம் தெரியும். ஒரு செடியில் மட்டும் சிறிது மண்ணை விலக்கி, விழுது நுனி வீங்கியிருப்பதைக் காட்டிவிட்டு மறுபடி மூடுங்கள். மற்றச் செடிகளுக்கு அடியில் மண் அணைக்கவேண்டும் என்று அதற்குமேல் விளக்கத் தேவையிருக்காது. கெட்டித்த தரைக்குள் விழுது இறங்காது என்று பிள்ளையே சொல்லும்.

விதைக்கும் நாள்

பிள்ளைக்குத் தன் செடி என்று ஒன்று இருக்கவேண்டும். வீட்டுத் தோட்டம் முழுவதற்கும் உதவியாளாக வைத்திருந்தால் அது வேலை. தனக்கென்று ஒரு சிரட்டை, ஒரு குழி, ஒரு அடையாளம் இருந்தால்தான் உறவு வரும். எழுதத் தெரியாத பிள்ளை சிரட்டையில் மீனோ நட்சத்திரமோ வரையட்டும்.

ஆழத்துக்கு விரலே அளவுகோல். பயறு, வெண்டி, பயற்றை விதைகளைப் பிள்ளையின் முதல் விரற்கணு ஆழத்தில், ஏறக்குறைய 2 சென்ரிமீற்றரில் போடலாம். கச்சானுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணைச் சலித்தாற்போல் விட்டால் போதும். குழிக்கு இரண்டு விதை போடுங்கள். கூடவே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஓரத்தில் நீங்களும் கொஞ்சம் விதைத்து வைத்தால், முளைக்காத குழிக்குப் பிறகு உதவும். ஆனால் அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் மாற்றி நடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மண்ணுக்குள் நடப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தல் வேண்டும். உள்ளே ஈரத் துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஊறிய பயறு நாலைந்தைச் செருகி வையுங்கள். முதலில் வருவது வேர், இலை பிறகுதான். போத்தலை ஒரு நாள் சாய்த்து வைத்தால் அடுத்த நாள் வேர் வளைந்து மறுபடியும் கீழே போகும். விதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்கும் ஆசையும் இதனால் அடங்கும்.

தண்ணீர்: விரல் சொல்லும் மூன்று செய்தி

தண்ணீர் ஊற்றும் முன் விரல். இதை மாற்றமில்லாத ஒழுங்காக்குங்கள். பிள்ளை சுட்டுவிரலை இரண்டாம் கணு வரைக்கும், தண்டிலிருந்து சற்றுத் தள்ளி, மண்ணுக்குள் விட்டு எடுக்கவேண்டும். மூன்று சொற்களைப் பழக்குங்கள்: ஒட்டுகிறது, குளிர்கிறது, உதிர்கிறது. மண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று தண்ணீர் இல்லை. ஒட்டவில்லை, ஆனால் உள்ளே குளிர்கிறது என்றால் மாலையில் மறுபடியும் பார்ப்பது. வறண்டு உதிர்ந்தால் உடனே ஊற்றவேண்டும். நாலு வயதுப் பிள்ளை ஒன்று செம்மண் அப்பிய விரலைத் தூக்கிக் காட்டி, "அம்மம்மா, ஒட்டுகிறது, இன்றைக்கு வேண்டாம்" என்று அறிவிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். தீர்மானித்தது தானே என்ற பெருமை அதில் இருக்கும். அந்தத் தீர்மானத்தை நீங்கள் மாற்றாதீர்கள், சற்றுத் தவறாக இருந்தாலும் சரி. அரை நாள் தாகத்தில் செடி செத்துவிடாது.

ஊற்றுவதற்கு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஆணியால் ஐந்தாறு துளை போட்டுக் கொடுங்கள். சின்னக் கைக்கு அதுவே அளவான பாரம். நாற்றுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர், வாளிச் செடிக்குக் காய்ந்த காலத்தில் மூன்று நாலு சிரட்டை. அடியில் மெதுவாக ஊற்றி, மண் குடித்து முடித்த பிறகு அடுத்தது. காலை நேரமே நல்லது.

வெயில் காலத்தில் ஒரு குழப்பம் வரும். நடுப்பகலில் பூசணி இலை துவண்டு தொங்கும். பிள்ளை பதறித் தண்ணீர் தூக்கும். வேர் தரும் வேகத்தைவிட இலை நீரை வேகமாக இழப்பதால் வரும் வாட்டம் அது. மாலையில் பார்த்தால் இலை தானாகவே நிமிர்ந்திருக்கும். மாலையிலும் காலையிலும் வாடியே நின்றால்தான் தாகம். அப்போதும் விரல் ஒட்டுகிறது என்று சொன்னால், நீர் மிஞ்சி வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். 7, 8 வயதுப் பிள்ளை இதை நன்றாகவே பிரித்தறியும்.

பாத்தியில் ஈரம் காக்க வைக்கோலோ கிளிரிசிடியா இலையோ பரப்புங்கள். கறையானைக் கவனித்துக்கொண்டு, தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. அரிசி கழுவிய தண்ணீரைப் பிள்ளை குசினியிலிருந்து எடுத்துப்போய் ஊற்றலாம், சவர்க்காரத் தண்ணீர் மட்டும் வேண்டாம். கோடையிலும் தொடர விரும்பினால், துளையுள்ள பழைய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, துளையில் துணித் திரியை இறுக்கி, நீர் நிரப்பி மூடி வையுங்கள். பக்கத்து வேர்களுக்கு ஈரம் மெல்ல மெல்லப் போய்ச் சேரும். பானையில் எவ்வளவு குறைந்தது என்று குச்சி விட்டு அளப்பது பிள்ளையின் வேலை.

வயதுக்கேற்ற வேலை

3, 4 வயதில் விரல் வைத்துப் பார்ப்பது, போத்தலால் ஊற்றுவது, சருகு பொறுக்குவது. ஐந்திலும் ஆறிலும் விதைப்பது, களை பிடுங்குவது. (களையையும் பயிரையும் பக்கத்தில் வைத்து இலையை ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான், இல்லாவிட்டால் கீரை முழுவதும் போய்விடும்.) ஏழு எட்டில் ஒரு மீற்றர் நீளப் பாத்தியைத் தனியே ஒப்படைக்கலாம். மண்வெட்டி பெரியவருக்கு. பிள்ளைக்குப் பழைய அகப்பை போதும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டு நகத்திடுக்கு வரை கைகழுவவேண்டும். காலுக்குச் செருப்பு.

செடிக்குப் பக்கத்தில் ஒரு நேரான தடியை நட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உயரத்தைக் கரித்துண்டால் கோடிடச் செய்யுங்கள். கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம் முதலில் சிறுத்து, பிறகு பெருத்து, பூத்ததும் மறுபடி சிறுப்பதை எண்ணத் தெரியாத பிள்ளையும் காணும்.

பூச்சியும் புழுவும்

இலையின் மேற்பக்கத்தைப் பார்ப்பது போதாது, திருப்பிப் பார்க்கப் பழக்குங்கள். அழுக்கணவனும் வெண் ஈயும் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். சாம்பலைத் துணியில் கட்டி இலைமேல் தட்டுவது பிள்ளைக்கு ஏற்ற மருந்து. முருங்கையில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும் மயிர்க்கொட்டியைத் தொடக்கூடாது. வேப்பங்கொட்டைக் கரைசலைப் பெரியவர் தெளிக்கட்டும். கிருமிநாசினிப் போத்தல் பூட்டிய இடத்தில், பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாமல் இருக்கவேண்டும். வெறும் போத்தலைக்கூடத் தண்ணீர் ஊற்ற எடுக்கவிடாதீர்கள்.

ஆனால் எல்லாப் புழுவையும் கொல்லப் பழக்கவேண்டாம். கறிவேப்பிலையிலும் தேசியிலும் முதலில் பறவை எச்சத்தின் நிறத்தில் இருந்து, பிறகு பச்சையாகத் தடிக்கும் புழுவைக் கண்டால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். அது கறுப்பு நிறப் பெரிய வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு. கூட்டுப்புழுவாகி ஒன்றரை வாரமளவில் சிறகோடு வெளியே வரும். கொஞ்ச இலை போவதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

செடி செத்தால்

கட்டாயம் ஒரு செடியாவது சாகும். அப்போது பெரியவர்கள் செய்யும் பெரிய தவறு, இரவோடு இரவாக வேறொரு கன்றை அதே இடத்தில் நட்டுவிட்டு, "பார், பிழைத்துவிட்டது" என்று சொல்வது. அன்போடு செய்கிறார்கள், ஆனால் தன் கண்ணால் கண்டதை நம்பவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

செத்த செடியைப் பிள்ளையோடு சேர்ந்து பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் மண்ணிறமாகி நாறினால் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது. வேர் வெள்ளையாக இருந்து, தண்டு மண்மட்டத்தில் வெட்டுண்டிருந்தால் வெட்டுப்புழு. பக்கத்து மண்ணைக் குச்சியால் கிளறினால் சுருண்டு கிடக்கும். தண்டின் உள்ளே மண் அப்பியிருந்தால் கறையான். "ஏன் இப்படிச் செய்தாய்" என்ற கேள்வியே வரக்கூடாது. "என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய்" என்று கேளுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும், அவசரப்படுத்தவேண்டாம். செடியைக் கூட்டெருக் குழியில் போடுவதையும் அதன் கையாலேயே செய்யவிட்டு, கேட்கும்போது புது விதை கொடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் சரி.

முன்பள்ளியில்

இருபது பிள்ளைகளுக்கு ஒரு பொதுப் பாத்தி என்றால் முன்னால் நிற்கும் நாலு பிள்ளைகள்தான் தோட்டம் செய்வார்கள். ஆளுக்கொரு சிரட்டை கொடுங்கள், பொதுப் பாத்தி அதற்குப் பிறகு. காலை வணக்கம் முடிந்ததும் எல்லோரும் விரல் வைத்துப் பார்த்து, ஒட்டுகிறதா குளிர்கிறதா உதிர்கிறதா என்று சொல்வது ஐந்து நிமிட வேலை. பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் விடுமுறையில்தான் காய்கின்றன. ஆகவே சித்திரை விடுமுறைக்கு முன் சிரட்டையைப் பிள்ளையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பயறை மாசியில் விதைத்திருந்தால் காய் முற்றும் நேரமும் அதுவாக இருக்கும்.

அறுவடையும் விதையும்

பறிப்பவர் நட்டவராகவே இருக்கவேண்டும். ஒரே ஒரு வெண்டிக்காய் என்றாலும் அன்றைக்கே சமைத்து, யாருடைய காய் என்று சொல்லிப் பரிமாறுங்கள். மரக்கறி தொடாத பிள்ளையும் தன் காயை ஒரு கடி கடித்துப் பார்க்கும். கச்சானின் அடியிலை மஞ்சளித்து, விதைத்த மூன்று மாதம் கடந்ததும் ஒரு செடியை மட்டும் பிடுங்கி, கோதின் உட்புறம் கருமை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் முற்றிவிட்டது, மற்றவற்றையும் பிடுங்கலாம்.

ஒவ்வொரு செடியிலும் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விடச் சொல்லுங்கள். வெண்டி செடியிலேயே காய்ந்து வெடிக்கும் தறுவாயில் எடுத்து, நிழலில் உலர்த்தி, விதையைச் சாம்பலோடு சேர்த்துப் போத்தலில் அடைத்து மூடவேண்டும். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே விடுங்கள். எந்தக் காயை விடுவது, எத்தனை வெயில் காயவிடுவது என்பதெல்லாம் அவர்களின் கைக்குத் தெரியும். போத்தலில் பிள்ளையின் அடையாளத்தை ஒட்டி, வெயில் படாத தட்டில் வையுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் புதிதாக எதையும் விதைக்காமல், கூட்டெருக் குழியை நிரப்புவதிலும் பானையில் நீர் அளப்பதிலும் பிள்ளையை வைத்திருங்கள். புரட்டாதி முடிவில் முருங்கைக் கதியால் ஒன்றை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, முதல் மழைக்கு முன் வேலியோரம் நட்டுவிட்டால் அடுத்த ஆண்டு இலையும் காயும் தரும். அதே வாரத்தில் விதைப் போத்தலைத் திறந்து, பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி, எத்தனை முளைக்கிறது என்று பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். ஏழு முளைத்தால் அந்த விதையை நம்பி விதைக்கலாம். அதற்குக் குறைந்தால் குழிக்கு மூன்றாகப் போடவேண்டும்.